வில்தாவாவா, பெரௌன்காவா? செக் ஆற்றங்கரைக்கு இரண்டு வழிகள்

செக் தலைநகர் பிராகின் சார்லஸ் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஓடுவது வில்தாவா. ஆனால் அதில் பெரௌன்காவின் தண்ணீரும் கலந்திருக்கிறது. பில்சன் நகரில் ம்ஷே, ராட்புசா என்ற இரண்டு ஆறுகள் கூடிப் பிறக்கும் பெரௌன்கா, 139 கி.மீ. ஓடி பிராகின் தென்விளிம்பில் வில்தாவாவில் விழுகிறது. செக் நாட்டின் மிக நீளமான ஆறான வில்தாவா 430 கி.மீ. பயணிகளில் பெரும்பாலோர் வில்தாவாவின் மேற்பகுதியில் உள்ள செஸ்கி க்ரும்லோவுக்கே டிக்கெட் எடுக்கிறார்கள். படகு விட வேண்டுமென்றால் அது சரியான முடிவு. காடும் கோட்டையும்தான் வேண்டும், கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால் பெரௌன்காதான் மேல்.

முதலில் தண்ணீர். கோடையில் இந்த இரண்டு ஆறுகளுக்கும் பெரிய வித்தியாசமே அங்குதான். வில்தாவாவில் க்ரும்லோவுக்கும் மேலே லிப்னோ அணை இருக்கிறது. மின் நிலையத்திலிருந்து வரும் நீரை விஷி ப்ரோட் அருகே உள்ள சிறிய அணை சீராக்கி விடுவதால், மழையில்லாத ஜூலையிலும் படகு மிதக்கும். ஆனால் தண்ணீர் குளிர்ச்சி. கவிழ்ந்தால் வெயில் நாளிலும் நடுக்கம் வரும். பெரௌன்காவுக்கு அப்படிப்பட்ட ஆதரவு கிடையாது. ஆகஸ்டில் வெதுவெதுப்பாகவும் பாசி நிறத்திலும் ஓடும். சில இடங்களில் கணுக்கால் அளவுதான் இருக்கும், இறங்கிப் படகை இழுக்க வேண்டியிருக்கும். அதில் துடுப்புப் போட நினைப்பவர்கள் மே, ஜூன் மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வில்தாவாவில் வழக்கமான படகுப் பாதை விஷி ப்ரோடில் தொடங்குகிறது. அங்கே 1259-இல் நிறுவப்பட்ட சிஸ்டெர்சியன் (கத்தோலிக்கத் துறவியர்) மடம் உண்டு. அங்கிருந்து ரோஜ்ம்பெர்க் கோட்டையின் அடிவாரம் வழியாக க்ரும்லோவ் வரை சுமார் 35 கி.மீ. இரண்டு நாள் வைத்துக்கொண்டால் அவசரமில்லை. ஒரே நாள்தான் என்றால் க்ரும்லோவிலிருந்து ஸ்லாட்டா கொருனா என்ற ஊர் வரை சுமார் 14 கி.மீ. போதும். நிறுத்தங்களையும் சேர்த்து நான்கைந்து மணி நேரம் ஆகும். வாடகைக்கு விடுபவர்கள் இருவர் அமரும் கேனோ, துடுப்புகள், லைஃப் ஜாக்கெட், மூடி இறுகும் பிளாஸ்டிக் பீப்பாய் ஆகியவற்றைத் தருவார்கள். முடியும் இடத்தில் படகை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டும் போனும் பீப்பாய்க்குள், பீப்பாய் கயிற்றால் படகோடு கட்டப்பட்டு. கட்டாமல் விட்டால் படகு கவிழும்போது பீப்பாய் தனியே ஊர் போய்ச் சேரும். செருப்பு வேண்டாம், கட்டிய ஷூ போடுங்கள். அடியில் கண்ணாடியும் பழைய இரும்பும் கிடக்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் தடுப்பணைகளில்தான், க்ரும்லோவ் நகருக்குள்ளேயே அடுத்தடுத்துப் பல இருக்கின்றன. ஓரத்தில் படகு இறங்குவதற்கென மரத்தாலோ கல்லாலோ ஆன சறுக்குவழி இருக்கும். அதில் படகின் மூக்கை நேராக வைத்து, நடுவில் வேகம் குறைக்காமல் போக வேண்டும். பயந்து துடுப்பை நிறுத்தினால் படகு பக்கவாட்டில் திரும்பும், கவிழ்வது அப்போதுதான். அணையின் விளிம்பு வழியாக இறங்க மட்டும் முயலவே கூடாது. விழும் நீர் அடியில் சுருண்டு மேல்நோக்கித் திரும்பி, ஆளையும் படகையும் ஒரே இடத்தில் பிடித்து வைக்கும். கரையிலிருந்து பார்த்தால் அமைதியான நுரைதான் தெரியும். சந்தேகம் இருந்தால் முன்பே கரையேறிப் படகைத் தூக்கிச் செல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்து கரை சேர வேண்டும். எதிரில் வரும் படகுக்காரர்கள் ‘அஹோய்’ என்பார்கள். பதிலுக்கு நீங்களும் சொல்லுங்கள்.

க்ரும்லோவ் 1992-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் கோட்டை பிராக் கோட்டைக்கு அடுத்துப் பெரியது. அங்கே அரிதானது பரோக் நாடக அரங்கு, திரைச்சீலையும் மேடை இயந்திரங்களும் அப்படியே இருக்கின்றன. கோடைப் பருவத்தில் மட்டும், சிறு குழுக்களாகவே உள்ளே விடுகிறார்கள், முன்பதிவு அவசியம். பிராகிலிருந்து பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம். போய்த் திரும்பவே ஆறு மணி நேரம் என்றால் பகல் முழுக்கச் சுற்றுலாப் பேருந்துக் கூட்டத்தில்தான் கழியும். ஓர் இரவு தங்கினால் அதிகாலைத் தெருக்கள் உங்களுக்கே. இயற்கை வேண்டுமானால் ஸ்லாட்டா கொருனாவுக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கில் நடந்து, 1349-இல் தொடங்கி 1506-இல் கைவிடப்பட்ட தீவ்சி காமென் கோட்டை இடிபாட்டுக்குப் போகலாம். க்ரும்லோவ் போகிறவர்களில் மிகச் சிலரே அங்கே வருகிறார்கள்.

பெரௌன்காவின் கணக்கு வேறு. பிராகிலிருந்து கார்ல்ஷ்டெய்னுக்கு ரயிலில் சுமார் 40 நிமிடம், நிலையத்திலிருந்து கோட்டைக்கு மேட்டில் அரை மணி நேர நடை. பேரரசர் நான்காம் சார்லஸ் 1348-இல் கட்டத் தொடங்கியது. ஆனால் இன்று காணும் வெளித்தோற்றத்தில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டு இறுதியில் கட்டடக் கலைஞர் மோக்கர் செய்த சீரமைப்பு. அசல் இருப்பது புனிதச் சிலுவைச் சிற்றாலயத்தில், ஓவியர் தெயோடோரிக்கின் 129 பலகை ஓவியங்களோடு. சாதாரணச் சுற்றில் அதைக் காட்ட மாட்டார்கள், தனிச் சுற்றுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், குளிர்காலத்தில் கிடையாது. அது கிடைக்கவில்லை என்றால் கார்ல்ஷ்டெய்னை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, ஆற்றின் மேற்பகுதியில் உள்ள க்ரிவோக்லாட் கோட்டைக்குப் போவதே உத்தமம்.

க்ரிவோக்லாட்டுக்கு பெரௌன் நகரில் ரயில் மாற வேண்டும். கிளைப் பாதை ஆற்றை ஒட்டியே செல்கிறது, ரயில்தான் அடிக்கடி வராது. திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். வேட்டைக்கு வந்த அரசர்களின் கோட்டை இது. பிற்கோதிக் சிற்றாலயம், அரச மண்டபம், 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட நூலகம். சுற்றியுள்ள காடு 1977 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். ஆற்றில் இன்னும் மேலே ஸ்க்ரியே ஊரைச் சுற்றி ட்ரைலோபைட் (அழிந்துபோன பழங்காலக் கடலுயிர்) புதைபடிவங்கள் நிறைந்த பாறைகள் உண்டு. இவற்றை ஆராய்ந்த விஞ்ஞானி பாராண்டின் பெயரைத்தான் பிராகின் பாராண்டோவ் பகுதி தாங்குகிறது. காப்பிடங்களில் சுத்தியலைத் தொடாதீர்கள்.

இரு பக்கமும் பொருந்தும் ஒரு விஷயம்: பெரும்பாலான கோட்டைகளுக்குத் திங்கள் விடுமுறை, உள்ளறைகளுக்கு வழிகாட்டியோடுதான் அனுமதி. நடைபாதைகளில் வெள்ளை, நிறம், வெள்ளை என மூன்று கோடுகள் மரத்தில் தீட்டியிருக்கும். சிவப்பு பொதுவாக நெடும்பாதை. திருப்பம் ஒன்றில் குறி தென்படாமல் ஐந்து நிமிடம் நடந்துவிட்டால் பின்னால் வந்து பாருங்கள்.

இரண்டிலும் மனம் ஒட்டவில்லை என்றால், ஆஸ்திரிய எல்லையில் தியே ஆற்றங்கரையில் போடியி தேசியப் பூங்கா இருக்கிறது. 63 ச.கி.மீ. மட்டுமே, நாட்டிலேயே சிறியது. அது நடப்பவர்களின் ஆறு. பூங்காவை ஒட்டிய ஸ்னோய்மோ நகரின் வட்டச் சிற்றாலயத்தில் செக் நாட்டை ஆண்ட ப்ரெமிஸ்லிட் அரச வம்சத்தைக் காட்டும் பழைய சுவரோவியங்கள் உண்டு. காற்றில் ஈரப்பதம் அதிகமானால் ஓவியம் கெடும் என்பதால் மழை நாளில் பூட்டிவிடுவார்கள். கிளம்பும் முன் வானத்தைப் பாருங்கள்.