1967 மஸ்டாங்கா, 1967 கமாரோவா?

ஃபோர்டின் மஸ்டாங், செவ்ரோலேயின் கமாரோ: இந்த இரண்டு பழைய அமெரிக்கக் கார்களில் எது கெத்து என்ற சண்டை ஓயாது. வாங்குபவர் பார்க்க வேண்டியது துருவை.

துரு:
மஸ்டாங்: முன் கண்ணாடிக்கு முன்னால் உள்ள கௌல் (காற்றுத் துளைகள் உள்ள தகரப் பகுதி)தான் கண்டம். அதன் துளைகளில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் உள்ளே தகரம் போய்விட்டது. அதைச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்துக் கௌலையே பிரிக்க வேண்டும். விலையில் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள்.
கமாரோ: பின் கண்ணாடியின் கீழ் மூலைகள். அங்கே பெயிண்ட் கொப்பளித்தால் டிக்கித் தரையையும் தட்டிப் பாருங்கள்.

எஞ்சின் வேலை:
மஸ்டாங்: இருபுறமும் ஷாக் டவர்கள் (சஸ்பென்ஷனைத் தாங்கும் தகரக் கூடுகள்) எஞ்சினை நெருக்கும். 289 கன அங்குல எஞ்சினில் பரவாயில்லை; 390-ல் ஸ்பார்க் பிளக் மாற்றுவதே பெரும்பாடு.
கமாரோ: தாராளமான இடம். எஞ்சினைத் தாங்கும் முன் சட்டம் (சப்ஃப்ரேம்) போல்ட்டில் நிற்பதால் தனியே கழற்றலாம். ரப்பர் புஷ்கள் நைந்தால் முன்பக்கம் ஆடும்.

ஓட்டம்:
கமாரோவின் பின்னால் ஒற்றைத் தகடு ஸ்பிரிங். வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் உள்ள வண்டி வேகமாகக் கிளம்பினால் சக்கரம் துள்ளும். 1968-ல் வேகமான மாடல்களுக்குப் பல தகடுகள் வந்தன.

அசலா, போலியா:
மஸ்டாங்கின் விஐஎன்னில் (வண்டியின் அடையாள எண்) 5-வது எழுத்தே எஞ்சினைச் சொல்லும். எஸ் என்றால் 390. கமாரோவில் அந்த எண்ணின் தொடக்கம் 123 என்றால் ஆறு சிலிண்டர், 124 என்றால் வி8, அவ்வளவே. எஸ்எஸ் (கமாரோவின் வேகமான, விலை கூடிய மாடல்) பேட்ஜை யாரும் ஒட்டலாம்!

ஆவணம் பார்த்து நிம்மதியாக வாங்க மஸ்டாங். எஞ்சினை மாற்றிமாற்றி விளையாட கமாரோ, ஆனால் எஸ்எஸ் விலை கொடுக்காமல்.