கிரேக்க மெய்யியல்: ஜஸ்டின் வழியா, தெர்த்துல்லியன் வழியா?

கிரேக்க மெய்யியலைக் கிறிஸ்தவம் ஏற்கலாமா என்பதில் தொடக்கக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் இருவர் இரு வழி காட்டினர். இரண்டாம் நூற்றாண்டின் ஜஸ்டின் மெய்யியலாளர் மேலங்கியைக் கழற்றாமலே ரோமில் கிறிஸ்தவம் கற்பித்தவர். அவருக்குக் கைகொடுத்தது ‘லோகோஸ்’, அதாவது ‘சொல்’, ‘பகுத்தறிவு’ என்று பொருள்படும் கிரேக்கக் கருத்து. எல்லா மனிதரிடமும் விதையாகக் கிடக்கும் அந்தப் பகுத்தறிவு கிறிஸ்துவில் முழுமையாக வெளிப்பட்டது என்றார். அந்தக் கணக்கில், கிறிஸ்துவுக்கு முன்பே வாழ்ந்த கிரேக்க மெய்யியலாளர்களான சாக்ரடீசும் ஹெராக்ளிடஸும்கூடக் கிறிஸ்தவர்கள்தாம்! சிக்கலும் அங்கேதான். லோகோஸைத் தந்தையாகிய கடவுளுக்கு அடுத்த படியில் வைத்தார்; கிறிஸ்து தந்தைக்குச் சமமா, ஒரு படி கீழா என்பதுதான் 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் பெரும் வழக்கானது.

வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜின் தெர்த்துல்லியன் நேரெதிர். ஏதென்சுக்கும் எருசலேமுக்கும், அதாவது மெய்யியலுக்கும் நம்பிக்கைக்கும், என்ன உறவு என்று கேட்டவர். திரிபுக் கொள்கைகளுக்கு மெய்யியலே ஊற்று என்பது அவர் கட்சி. ஆனால் ஆன்மாவுக்கும் உடல்தன்மை உண்டு என்று வாதிட ஸ்டோயிக் என்னும் கிரேக்க மெய்யியல் பள்ளியினரைத்தான் துணைக்கு அழைக்கிறார். வாசலில் விரட்டியது கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டது. போதாக்குறைக்கு, ரோமக் குடிமக்களின் உடையான டோகாவை விட்டு அதே மெய்யியலாளர் மேலங்கிக்கு மாறியதை நியாயப்படுத்தித் தனி நூலும் எழுதினார்.