கிருஷ்ணகிரியில் பிளஸ் டூ உளவியலுக்கு ஒரு நல்ல டியூஷன்

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது, தங்கச்சியைச் சேர்த்திருக்கிறோம். கணக்கு, வேதியியலுக்குத் தெருவுக்கு ஒருவர் இருக்கும் ஊரில் சிபிஎஸ்இ உளவியலுக்கு ஆள் கிடைப்பதே பெரிய விஷயம். மேடம் மனப்பாடம் செய்ய விடுவதே இல்லை. மன அழுத்தத்தை ஆராய்ந்த ஹான்ஸ் செல்யேயின் பாடம் வந்தபோது, பரீட்சை நெருங்க நெருங்க உடம்பு என்ன பாடுபடுகிறது என்று அவளையே சொல்ல வைத்து, அதிலிருந்தே எச்சரிக்கை, எதிர்ப்பு, களைப்பு என மூன்று நிலைகளையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். உளவியலாளர் கார்ட்னர் சொன்ன எட்டு வகை நுண்ணறிவுகளுக்கும் தெரிந்த மனிதர்களையே உதாரணமாக எழுதச் சொல்கிறார், அருமையான பழக்கம். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. அந்த 30-ஐத்தான் இங்கே கண்டுகொள்வதில்லை, கேஸ் ஸ்டடியை (ஒருவரைப் பற்றி விவரமாக ஆராய்ந்து எழுதுவது) நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதையும் சரி செய்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம்.