ஜி.எச்.சா, ஏற்காடா, மூக்கனேரியா?

பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டில் ‘எந்த குரூப்?’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். பதில் சொல்ல வேண்டிய பிள்ளையோ வாத்தியார், டாக்டர், போலீஸ் தவிர யார் வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்காது. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் எந்தப் படிப்பு எதற்கு என்ற தகவலைப் பள்ளிக்கே கொண்டுவந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் ஒரு வேலையின் அலுப்பு எப்படி இருக்கும் என்பது தகவலில் வராது.

கல்லூரியில் என்.எஸ்.எஸ்.-இல் (நாட்டு நலப்பணித் திட்டம்) இருப்பவர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும். எப்படியும் போகிறோம், கூடவே ஒரு தம்பியையோ தங்கச்சியையோ கூட்டிப் போனால் என்ன? சேவைவழிக் கற்றல் என்று இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. எங்கள் தெருவில் பத்தாவது படிக்கும் ஒரு பையனை, அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டு, இப்படிக் கூட்டிக்கொண்டு அலைகிறேன். சேலத்தில் இதற்குத் தோதான இடங்கள் மூன்று.

எத்தனை விதமான வேலை கண்ணில் படும் என்று பார்த்தால், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையை அடித்துக்கொள்ள ஆளில்லை. வழி காட்டுவதும், எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதும்தான் தன்னார்வலர் வேலை. ஓ.பி. சீட்டைக் கையில் பிடித்தபடி “எக்ஸ்ரே எந்தப் பக்கம் கண்ணு?” என்று ஒரு பாட்டி கேட்டால், அவரோடு நடந்துபோகும் வழியிலேயே நர்ஸ், லேப் டெக்னீசியன், மருந்தாளுநர், எக்ஸ்ரே எடுப்பவர் என்று எல்லோரையும் கடந்துவிடலாம். ‘ஆஸ்பத்திரி என்றால் டாக்டர்’ என்ற எண்ணம் ஒரே காலையில் கரைந்துவிடும். குரூப் எடுக்கும் விஷயத்திலும் உதவும். பி.எஸ்சி. நர்சிங் போக உயிரியல் படித்திருக்க வேண்டும். பி.பார்ம்.-க்கு இயற்பியல், வேதியியலோடு கணக்கு இருந்தாலும் போதும். கணக்கோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவனுக்கு ஒரு கதவு மூடி இன்னொன்று திறந்தே இருக்கிறது என்பது மருந்து கவுண்டர் முன்னால் நின்று சொன்னால் சட்டென்று புரிகிறது.

குறை என்னவென்றால், அவன் பார்ப்பதெல்லாம் கதவுகளைத்தான். பதினைந்து வயதுப் பிள்ளையை வார்டுக்குள் விடக் கூடாது. தொற்று ஒரு பக்கம், நோயாளியின் அந்தரங்கம் இன்னொரு பக்கம். என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர் வழியாக முன்கூட்டியே அனுமதி வாங்காமல் வாசல்பக்கம்கூடக் கூட்டிப் போக வேண்டாம். இத்தனையும் செய்தாலும் அன்று அவன் வராமல் போயிருந்தால் அங்கே எதுவும் நின்றுவிடாது. அது அவனுக்கும் தெரியும்.

ஏற்காட்டில் நிலைமை தலைகீழ். நாகலூர், மஞ்சக்குட்டை மாதிரியான மலையூர்களில் சனிக்கிழமை பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பது என்றால், கண்ணில் படும் வேலைகள் கொஞ்சம்தான்: பள்ளி ஆசிரியர், கிராம செவிலியர், காபித் தோட்டத்து மேஸ்திரி. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் (எலுமிச்சம்பழம் வேலை செய்கிறது என்பார்கள், எனக்குச் செய்ததில்லை). ஆனால் அங்கே அவன் கையில் நிஜமான ஒரு வேலை இருக்கிறது.

ஒரு நாள் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று 52-இல் 37 போக 25 என்று எழுதியிருந்தது. நம்மாள் முதலில் ‘தப்பு’ என்று அடித்துவிட்டு 15 என்று எழுதிக் கொடுத்தான். அடுத்த கணக்கிலும் அதே தப்பு. அப்புறம்தான் சிலேட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தான். ஐந்தில் மூன்று போக இரண்டு, ஏழில் இரண்டு போக ஐந்து. எது பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது குழந்தை. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்கவே இல்லை. “அண்ணா, இது கவனக்குறைவு இல்லண்ணா, இது ஒரு ரூல் வெச்சு செஞ்சிருக்கு” என்றான். பிறகு காய்ந்த காபிக்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து, ஒரு குவியலைக் கலைத்து, கடன் வாங்குவதைக் காட்டினான். குழந்தைக்குப் பாதி புரிந்தது, அடுத்த வாரம் மீதி.

இதிலிருந்து ‘நீ ஆசிரியராகப் போ’ என்று தாவுவதுதான் மூத்தவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம். அவனுக்குப் பிடித்தது குழந்தைகளா, தப்பின் வேரைத் தேடியதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தைகள் என்றால் தொடக்கக் கல்விப் பட்டயம், பட்டம் முடித்து பி.எட். என்று பேசலாம். வேரைத் தேடுவது என்றால் மென்பொருள் சோதனை, தணிக்கை, ஆய்வகம் எல்லாமே அந்தப் பக்கம்தான். இந்தப் பேச்சுக்கு இறங்கும் பஸ்தான் சரியான இடம். ஏறும்போது பேசினால் அறிவுரை ஆகிவிடுகிறது. ‘பிடிச்சுதா?’ என்று நான் கேட்பதில்லை, ‘பிடிச்சுது’ என்று முடித்துவிடுவான். ‘எப்போ மணி பார்த்தே?’ என்று கேட்டால் உண்மை வருகிறது.

மூக்கனேரி மூன்றிலும் சுலபம், கன்னங்குறிச்சிப் பக்கம் டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். 2010 வாக்கில் சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் இந்த ஏரியைச் சீர்படுத்தியபோது, எடுத்த மண்ணையே உள்ளே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். குப்பை பொறுக்க மட்டும் போவதாக இருந்தால் போக வேண்டாம் என்பேன். கையுறை, போட்டோ, டீ, வீடு என்று அது முடிந்துவிடும். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குக் கூட்டிப் போங்கள். பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, ஈ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். முக்குளிப்பான் முங்கி வேறிடத்தில் எழும்போது அது அதே பறவையா புதிதா என்று முடிவெடுப்பதற்குள் பொறுமை சோதிக்கப்பட்டுவிடும். இதில் லயித்துப்போனவனிடம் விலங்கியல், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பற்றியெல்லாம் பேச்சை எடுக்கலாம். ஆனால் இது வருடத்தில் சில நாள் சமாச்சாரம், தொடர்ச்சி கிடையாது.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பண்ணையையும் சிலர் சொல்வார்கள். போய்ப் பார்க்க அருமையான இடம், சேவைக்கணக்கில் வராது.

ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைக்கு நான் ஏற்காட்டைத்தான் சொல்வேன். ஒரே பருவம் என்றாலும் விடாமல் போக வேண்டும், பாதியில் நின்றால் ஏமாறுவது மலையில் இருக்கும் குழந்தை. மாலை பஸ் தவறினால் திரும்புவது சிரமம் என்று வீட்டில் தயங்கினால், மூக்கனேரியில் தொடங்குங்கள், குறிப்பாகத் தங்கச்சிகளைக் கூட்டிப் போகும் அக்காக்கள். பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுத்தவனுக்கு மட்டும் ஜி.எச். முதலிடம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுண்டர் பக்கம் நின்று ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, விடுபட்டதை வரிசையில் நிற்பவருக்குச் சொல்லிக் கொடுத்தால், ஆவணம் என்றால் என்ன, ஒரு தாள் குறைந்தால் யார் தலையில் விடியும் என்பதெல்லாம் அவனுக்கு நன்றாக விளங்கும்.