வைஃபை பூஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, கேமரா மாட்டியவர் எங்களிடம் மொத்தம் 28,400 ரூபாய் வாங்கினார்

தஞ்சாவூரில் அம்மா தனியாக இருக்கிறார். அப்பா கட்டிய வீடு. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். முன்னால் ஒரு மாமரம், பின்னால் நான்கு தென்னையும் ஆழ்துளைக் கிணறும். 2025 நவம்பரில் ஓர் இரவு அந்தக் கிணற்று மோட்டாரின் கேபிளை யாரோ அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். கிணற்றைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறது. கோவையில் இருந்த நான் காலையில் பதிவைத் தேடினேன். இரவு 1.52 மணி வரை தென்னை ஓலை அசைகிறது. அடுத்த காட்சி 2.31-க்குத் தொடங்குகிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

கேபிள் போனதற்கு நான் கேமரா மாட்டியவரைக் குறை சொல்லவில்லை. அந்த 39 நிமிடங்கள் பதிவாகாமல் போனதற்கு அவர்தான் பொறுப்பு. ஐந்து மாதங்களில் நான்கு முறை வந்து, நான்கு முறையும் பணம் வாங்கிக்கொண்டு போனவர் அவர். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. பெயர் இல்லாமலே இந்தப் பதிவு பயன்படும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதே வேலையை இதே விதமாகச் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஜூன் மாதம் மூன்று வைஃபை கேமராக்கள் மாட்டினார். கேட்டுக்கு ஒன்று, பக்கவாட்டுச் சந்துக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று. மாட்டுக்கூலியோடு 16,500 ரூபாய். ஒரு வாரத்தில் கேட் கேமரா ‘ஆஃப்லைன்’ என்று காட்டத் தொடங்கியது. கூப்பிட்டோம். “சிக்னல் எட்டவில்லை சார், ஒரு பூஸ்டர் போட்டால் சரியாகிவிடும்” என்றார். 2,600 ரூபாய்.

அவர் அதை எப்படிச் சரியானதுபோலக் காட்டினார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் முன்வராந்தாவில் இருந்த பிளக்கில் பூஸ்டரைச் செருகினார். அம்மாவின் கைபேசியை வாங்கி, “பாருங்கள் அம்மா, எல்லாக் கோடும் நிற்கிறது” என்று காட்டினார். கோடுகள் நின்றது உண்மைதான். ஆனால் அந்தக் கோடுகள் காட்டுவது கைபேசிக்கும் பூஸ்டருக்கும் இடையே உள்ள சிக்னலை மட்டும். பூஸ்டருக்கும் உள்ளே இருக்கும் ரவுட்டருக்கும் இடையே என்ன இருக்கிறது என்பதை அவை காட்டாது. தண்ணீர் ஏறாத தொட்டியில் பெரிய குழாயை மாட்டிவிட்டுக் குழாயின் வாயைக் காட்டுவது போன்ற வேலை அது. பூஸ்டர் தானாக எந்த சிக்னலையும் உருவாக்குவதில்லை. தன் காதில் விழுந்ததைத் திரும்பச் சொல்கிறது, அவ்வளவுதான். ரவுட்டரின் குரல் சரியாகக் கேட்காத இடத்தில் அதைச் செருகினால், அரைகுறையாகக் கேட்டதைத்தான் உரக்கச் சொல்லும். ரவுட்டருக்கும் கேமராவுக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில்தான் அதை வைக்க வேண்டும். கேமராவின் காலடியில் வைப்பவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது தெரிந்தே செய்கிறார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே கதை. இந்த முறை, “மழைக்காலம் வந்தால் சிக்னல் இப்படித்தான் சார்” என்றார். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை, வீட்டு வளாகத்துக்குள் இருக்கும் முப்பது நாற்பது மீட்டர் தூரத்தில், பெய்யும் மழை தடுப்பதில்லை. அடர்ந்த ஈர இலைகள் கொஞ்சம் உறிஞ்சும். சுவரும் இரும்பும் தண்ணீர்த் தொட்டியும் அதைவிட மிக அதிகமாகத் தடுக்கும். அது அன்று எனக்குத் தெரியவில்லை. நான்கு ஆன்டெனா வைத்த ‘5ஜி ஹை பவர் பூஸ்டர்’ ஒன்றைக் கொண்டுவந்தார். 3,900 ரூபாய்.

இந்த ‘5ஜி’ என்ற சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். கைபேசி நிறுவனங்களின் 5ஜி வேறு, வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேறு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. அந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐவிடப் பலவீனமானது. எங்கள் கேமராக்கள் மூன்றும் 2.4 மட்டும் ஏற்பவை. விலை குறைந்த வைஃபை கேமராக்களில் பெரும்பாலானவை அப்படித்தான். அதாவது எந்த வசதிக்காக எங்களிடம் கூடுதல் பணம் வாங்கினாரோ, அந்த வசதியை எங்கள் கேமராக்களால் பயன்படுத்தவே முடியாது. ‘ஹை பவர்’ என்பதும் அதே மாதிரிதான். இந்தியாவில் உரிமம் இல்லாமல் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்ப உச்சவரம்பு இருக்கிறது: ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 4 வாட். அந்த வரம்புவரை உரக்கக் கத்தினாலும் பாதிப் பிரச்சினைதான் தீரும். படத்தை அனுப்பும் வேலை கேமராவுடையது. அதன் மெல்லிய குரல் திரும்பி வந்து ரவுட்டரின் காதில் விழ வேண்டும்.

பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். நான்கு ஆன்டெனாக்களில் இரண்டின் அடியில் கம்பியே இல்லை. வெறும் பிளாஸ்டிக் குச்சிகள்.

அக்டோபரில் நான் கோபமாகப் பேசியதும், “அப்படியென்றால் கிணற்றுக் கேமராவுக்கு வயர் இழுத்துவிடலாம். சுத்தமான செம்பு, கேட் 6” என்றார். கேட் 6 (Cat 6) என்பது நெட்வொர்க் கேபிளின் ஒரு தர வகை. கேபிளும் கூலியும் சேர்த்து 5,400 ரூபாய். வயர் இழுப்பது சரியான முடிவு. அதைச் சொன்னதற்காக அவர்மீது எனக்கு நம்பிக்கைகூட வந்தது. அந்த நம்பிக்கையோடு இருந்தபோதுதான் மோட்டார் கேபிள் போனது.

அடுத்த தெருவில், தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். திருட்டுக்குப் பிறகு அம்மா அவரைக் கூப்பிட்டார். நானும் அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தேன். கேபிளின் ஒரு முனையை வெட்டி, உள்ளே இருந்த மெல்லிய கம்பியைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. “தம்பி, இது அலுமினியம். மேலே செம்பு முலாம்” என்றார். அலுமினியம் செம்பைவிட மட்டமாகவே மின்சாரத்தைக் கடத்தும். செம்பின் திறனில் ஏறத்தாழ 61 சதவீதம்தான். இந்த முலாம் கம்பியைக் கேட் 6 என்று விற்பதே தவறு. அந்தத் தரம் முழுச் செம்பைத்தான் கேட்கிறது.

அந்த வயர் வழியாகவே 12 வோல்ட் மின்சாரத்தையும் கேமராவுக்கு அனுப்பியிருந்தார். மாமா பகலில் கேமரா முனையில் அளந்தார், 11 வோல்ட் வந்தது. இருட்டியதும் அளந்தார், 9.4. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது அது அதிக மின்சாரம் இழுக்கும். மட்டமான கம்பியில் வோல்டேஜ் இறங்கும். கேமரா அணைந்து, மறுபடி எழுந்து, விளக்கைப் போட்டு, மறுபடி அணையும். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் இந்தக் குறை தெரியாது. கேமரா எதற்காக வைக்கப்பட்டதோ அந்த நேரத்தில் மட்டும் அது செத்துக்கொண்டிருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. வீட்டில் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி தனியாக இருக்கிறார் என்று தெரிந்துதான் அவர் அந்தக் கம்பியை இழுத்தார்.

மாமா அடுத்து ரவுட்டர் எங்கே என்று கேட்டார். கூடத்தில், டிவி ஷோகேஸின் கீழ்த்தட்டில், இரும்பு பீரோவுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. கைபேசியில் சிக்னல் அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு என்னைக் கேட்டருகே அனுப்பினார். மைனஸ் 84 டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு). அந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் நல்லது. மைனஸ் 67 வரை இருந்தால் கேமரா நிம்மதியாக ஓடும். 80-ஐத் தாண்டினால் அறுந்து அறுந்து வரும். ரவுட்டரைக் கையில் எடுத்து, பீரோவிலிருந்து விலக்கி, முன்பக்க ஜன்னல் ஓரத்தில் ஆறடி உயரத்தில் வைத்தார். மறுபடி அளந்தேன். மைனஸ் 71.

பதின்மூன்று எண் வித்தியாசம் சிறிதுபோலத் தெரியும். மூன்று எண் ஏறினால் சிக்னல் இரண்டு மடங்கு, பத்து ஏறினால் பத்து மடங்கு என்பது கணக்கு. பதின்மூன்று என்றால் இருபது மடங்கு. ஒரு ரூபாய் செலவில்லாமல், ஐந்து நிமிடத்தில். கேமரா மாட்டியவர் நான்கு முறை அந்த பீரோவைத் தாண்டி நடந்திருக்கிறார். ஒருமுறைகூட அளக்கவில்லை, ஒருமுறைகூட ரவுட்டரைத் தொடவில்லை.

பிறகு முழுச் செம்புக் கேபிளை, வெயில் தாங்கும் கறுப்பு உறையோடு, மீட்டர் கணக்கில் வாங்கினோம். வாங்கும்போதே கடையில் சுரண்டிப் பார்த்தோம். கூடத்திலிருந்து முன்வராந்தாவுக்கு வயர் இழுத்து அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைத்தோம். பூஸ்டர்போல் காற்றில் கேட்டுத் திரும்பச் சொல்லாமல், வயரிலிருந்து நேராக வாங்கிக் கொடுப்பது அது. கேட்டருகே இப்போது மைனஸ் 52. கிணற்றுக்கு வைஃபையே வேண்டாம் என்று, கேபிளிலேயே மின்சாரமும் படமும் போகும் பிஓஇ கேமரா வைத்தோம். 2003-இல் வந்த அந்த முறையில் ஏறத்தாழ 48 வோல்ட் போகிறது. அதனால் அதே வேலைக்கு இழுக்கப்படும் மின்னோட்டம் குறைவு, வழியில் இழப்பும் குறைவு. நூறு மீட்டர் வரை தாங்கும். ரவுட்டரையும் ஆக்சஸ் பாயின்டையும் பிஓஇ பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்தோம். பழைய பூஸ்டர்கள் சாதாரண லைனில் இருந்தன. மின்சாரம் போகும்போதெல்லாம் கேமராக்களும் போயிருக்கின்றன என்பது அப்போதுதான் புரிந்தது.

இவ்வளவும் பணக்கணக்கு. இனி சொல்லப்போவதை தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

கிணற்றுக் கேமராவை மாற்றுவதற்கு முன், புதிய கடவுச்சொல் வைப்பதற்காகக் கேமரா செயலியைத் திறந்தேன். மாற்ற விடவில்லை. ‘இந்தச் சாதனம் உங்களுடன் பகிரப்பட்டுள்ளது’ என்று வந்தது. மூன்று கேமராக்களும் மாட்டியவருடைய கணக்கில் பதிவாகியிருந்தன. அம்மாவுக்கும் எனக்கும் பார்க்கும் அனுமதி மட்டும். ஐந்து மாதமாக எங்கள் வீட்டு வாசலையும் பக்கவாட்டுச் சந்தையும் கொல்லையையும் அவர் தன் கைபேசியில் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்த்திருக்க முடியும். பார்த்தாரா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. பார்க்கும் சாவி அவரிடம் இருந்தது என்பதற்குத் திரைப்பிடிப்பு இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னபோது சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியென்றால் நான் விடிகாலையில் வாசல் தெளிப்பது, கிணற்றடியில் துணி துவைப்பது எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை பார்த்திருக்கலாமா?” என்று கேட்டார். எழுந்து போய்ப் பழைய துண்டு ஒன்றைக் கிழித்து மூன்று கேமராக்களின் மீதும் கட்டச் சொன்னார். மாட்டியவருடைய கணக்கிலிருந்து கேமராக்களை நீக்க வைத்து, ஒவ்வொன்றையும் ரீசெட் செய்து, அம்மாவின் எண்ணில் புதிதாகப் பதிவுசெய்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அதுவரை அந்தத் துணிகளை அவிழ்க்க விடவில்லை.

ரவுட்டரையும் பார்த்தோம். வைஃபை கடவுச்சொல் 12345678. நிர்வாகக் கடவுச்சொல் பெட்டியில் வந்ததே. இப்படித் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு விடப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றித்தான் 2016-இல் மிராய் என்ற தீநிரல் ஒரு படையைத் திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. கேமராப் பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இல்லை. நம் நாட்டில் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயம். எங்களுக்கு ஜூனில் மாட்டினார். ‘ஆர்’ என்று தொடங்கும் அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். வாங்கும் முன் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பில் கேட்டபோது, “ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூடும் சார்” என்று சொல்லித் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நான் ஒப்புக்கொண்டேன், அது தவறு. வாங்கிய பொருளுக்கு பில் தராமல் இருப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. எங்களைக் காப்பாற்றியது யுபிஐ. நான்கு முறையும் அதில்தான் பணம் அனுப்பியிருந்தோம். வாட்ஸ்அப்பில் ‘சுத்தமான செம்பு’ என்று அவரே எழுதியது இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிந்தேன். பிறகு நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மாவட்ட ஆணையத்துக்கு மனு. ஐந்து லட்சம் வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. மனு கொடுத்த அதே வாரத்தில் கேமரா மாட்டியவர் வந்து இரண்டாவது பூஸ்டரின் 3,900 ரூபாயைத் திருப்பித் தந்தார், மனுவைத் திரும்பப் பெறச் சொன்னார். அம்மா பணத்தை வாங்கி ரசீது எழுதிக் கொடுத்தார். மனுவைத் திரும்பப் பெறவில்லை.

உங்கள் வீட்டிலோ ஊரில் இருக்கும் பெற்றோர் வீட்டிலோ வேறு ஒருவர் கேமரா மாட்டியிருந்தால், இன்றிரவே செயலியைத் திறந்து அந்தச் சாதனத்தின் உரிமையாளர் என்ற இடத்தில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால், மாற்றும் வரை அதன்மேல் ஒரு துணியைக் கட்டிவையுங்கள்.