தொலைதூரப் படிப்புக்காரருக்குக் கறவை மாடா, வெள்ளாடா?

முழுநேர வேலையை விட்டு ஊரோடு வந்து, நாற்பது வயதுக்கு மேல் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்பவரிடம் ஊர் சொல்லும் யோசனை இரண்டுதான். ஒரு கலப்பின மாடு பிடி, இல்லையென்றால் பத்து வெள்ளாடு வாங்கு. நான் தேர்ந்தது வெள்ளாடு. அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன். ‘படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போகணும்’ என்று வசவு வாங்கிய தலைமுறைக்கு இரண்டையும் சேர்த்தே செய்ய வாய்த்திருக்கிறது.

முதலீட்டில் பெரிய வித்தியாசமில்லை. தீவனமும் கிட்டத்தட்ட அதே அளவுதான்: மாட்டுக்கு நாளைக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம், பத்து ஆட்டுக்கு 30 கிலோ. இருபது சென்டில் கோ-4 தீவனப்புல் போட்டு, வரப்பில் அகத்தியும் கிளைரிசிடியாவும் நட்டால் எதற்கும் காணும். வரவில் மாடுதான் மேல். பால் பணம் தவணை தவறாமல் வரும். ஆட்டுப் பணம் ஆடி, தீபாவளி, பக்ரீத் என்று மொத்தமாக வந்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் வராது.

முடிவு செய்வது தேர்வுக் காலம். இக்னோ பாடச்சுமையைக் கிரெடிட் என்ற அலகில் அளக்கிறது; ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு 32 கிரெடிட் எடுத்தால் 960 மணி, அதாவது வாரத்துக்குப் பதினெட்டு மணிக்கு மேல். இந்த நேரத்தை மாடு வைத்திருப்பவரும் எப்படியாவது ஒதுக்கிவிடலாம். ஆனால் ஜூனிலும் டிசம்பரிலும் தொடங்கி வாரக்கணக்கில் நீளும் தேர்வில் பிற்பகல் தாள் 2 மணி முதல் 5 மணி வரை. சாயங்காலக் கறவையும் அதே நேரம்தான். தேர்வு மையம் பக்கத்து டவுனில் என்றால் பஸ் பிடித்து வீடு சேர ஏழாகிவிடும். அதற்குள் சொசைட்டியில் பால் எடுத்து முடிந்திருக்கும். பத்து லிட்டர் கறக்கும் மாட்டை மடி கட்டிய நிலையில் அப்படிக் காக்க வைத்தால் பால் தானாகக் காம்பில் ஒழுகும், மடிநோய்க்கு வழி திறக்கும். ஆள் வைத்துக் கறக்கலாம் என்றால், பழகாத கைக்கு மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் மிச்சம் நின்றாலும் அதே நோய்தான்.

ஈனுவதற்கு முன் கறவையை நிறுத்தும் வற்றல் காலம் 60 நாளைத் தேர்வோடு பொருத்தலாமே என்று கேட்பார்கள். டிசம்பரில் வற்றலில் இருக்க வேண்டுமானால் ஜனவரிக் கடைசியில் கன்று ஈன வேண்டும். சினைக்காலம் 280 நாள், ஆக ஏப்ரல் 20 வாக்கில் சினை ஊசி பிடித்தாக வேண்டும். ஒரு சினைப்பருவம் தவறினால் 21 நாள் தள்ளிப்போகும். எல்லாம் சரியாக அமைந்தாலும் ஜூன் தேர்வுக்கு மாடு முழுக் கறவையில் நிற்கும்.

ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள்தான். நாள் குறிப்பது உங்கள் கையில். கிடாயைத் தனியே கட்டி வைத்து, ஆகஸ்ட் நடுவில் சேர்த்துச் செப்டம்பர்க் கடைசியில் பிரித்துவிடுங்கள். ஒரு சுற்றில் சினை நிற்காத ஆடு அடுத்த சுற்றில் நின்றுவிடும். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரிக்குள் எல்லாம் குட்டி போடும். மழையும் ஓய்ந்திருக்கும், தேர்வும் முடிந்திருக்கும். மறுபடி ஏப்ரல் நடுவில் சேர்த்தால் செப்டம்பர், அக்டோபரில் ஈற்று. அந்தக் குட்டிகள் மழையில் சளி பிடித்துச் சாகாமலிருக்க, தரையிலிருந்து மூன்றடி உயரப் பரண் வேண்டும். பலகைகளுக்கு நடுவே புழுக்கை விழும் அளவே இடைவெளி, குட்டியின் கால் நுழையக் கூடாது. பெரிய ஆட்டுக்கு 15 சதுர அடி வீதம் இடம் விடுங்கள்.

தேர்வு நாளில் காலை ஒரு கட்டுத் தழையைத் தொங்கவிட்டு, வாளியில் தண்ணீர் வைத்தால் மாலை வரை தாங்கும். மதியம் இன்னொரு கட்டுப் போடப் பக்கத்து வீட்டு ஆள் போதும். அவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: மிச்சச் சோறு போடாதீர்கள். அரிசிச் சோறு வயிற்றில் புளித்து உப்பி, நல்ல ஆட்டையே படுக்க வைத்துவிடும். சுபாபுல் தழையும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மழைக்கு முன் துள்ளுமாரி நோய்த் தடுப்பூசி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்கம். தேர்வு விண்ணப்பம் போடும் வாரத்திலேயே இந்தத் தேதிகளையும் சரிபார்த்துக்கொண்டால் மறக்காது.

மேய்த்துக்கொண்டே படிக்கலாம் என்ற கனவு மட்டும் வேண்டாம். இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் ஆடு அடுத்தவர் கடலைக்காட்டில் நிற்கும்.

இந்தக் கணக்கு பத்து ஆட்டுக்குத்தான். ஐம்பது ஆட்டுக்கு நிற்காது. வீட்டில் கறக்கத் தெரிந்த இன்னொருவர் இருந்து, மாடும் அவர் கைக்குப் பழகியிருந்தால் மாடே வாங்குங்கள். மாதச் செலவுக்குப் பால் பணம்தான் தோது. ஆடு என்று முடிவானால், கிடாயை வேறு ஊர் மந்தையிலிருந்து பிடித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.