வைஃபை ரேடியோவில் மூன்று வருடக் கச்சேரி: குமிழ் ஏன் தேய்ந்தது

"காரைக்குடியில கச்சேரி கேக்க வைஃபை ரேடியோ (இணைய நிலையங்களை எடுக்கும் பெட்டி) வாங்கலாமாண்ணே?" என்று கேட்ட தம்பிக்காக இது. வாட்ஸ், ஸ்பீக்கர் அளவெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். மூன்று வருட ஓட்டத்தில் மாற்ற வேண்டி வந்த ஒரே பாகம், வால்யூம் குமிழுக்கு அடியில், அதன் திருப்பலை உணரும் என்கோடர். அதைத் தேய்த்தவர்கள் வானொலி அறிவிப்பாளர்கள்.

வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டிய கணத்தில் ஒரு உச்சம், அப்புறம் நாதம் கரைந்துகொண்டே போகும். காரைக்குடி வீணை வித்வான் சாம்பசிவ ஐயர் பாணியில் வளர்ந்த ஊர்க்காதுக்கு அந்தக் கடைசி இழை வரை வேண்டும். அதற்கு வால்யூமை 14-இல் வைக்க வேண்டியிருக்கிறது. பாட்டு முடிந்ததும், மைக்கை வாயோடு ஒட்டி, கம்ப்ரஷரில் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவி) அழுத்திய குரல் ஒன்று "வணக்கம் நேயர்களே!" என்று பாயும். மீட்டரில் இரண்டுக்கும் உச்சம் ஒன்றுதான். ஆனால் பேச்சின் சராசரி மட்டம் வீணையைவிட எங்கேயோ மேலே நிற்கிறது, காதுக்குத் தெரிவது சராசரிதான். உடனே 7-க்கு இறக்கு, ஆலாபனை வந்ததும் மறுபடி ஏற்று. மணிக்கு ஏழெட்டு முறை இதே வேலை.

உள்ளே தொடுப்பு தேய்ந்தபின் ஏற்றினால் இறங்கும், இறக்கினால் துள்ளும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில வாரம் தாங்கும். மாற்றுவதானால் மூன்று கால் உள்ளதா, அமுக்கு சுவிட்சோடு ஐந்து கால் உள்ளதா என்று பார்த்து, தண்டின் நீளத்தையும் அதன் நுனி வெட்டப்பட்டிருக்கும் விதத்தையும் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். லவுட்னஸ் பொத்தானை அணைத்து, நைட் மோட் (உரத்ததையும் மெல்லியதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வசதி) இருந்தால் போட்டுவிட்டால் தேய்மானம் பாதி குறையும். ஆனால் நைட் மோட் மிருதங்கத்தைத் தட்டையாக்கிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிவிப்பாளரே வேண்டாம் என்பதில்லை. வானொலி நிலையங்களில் ஊறிய பழைய முறை ஒன்று உண்டு: பாட்டின் முதலடி, ராகம், தாளம், இயற்றியவர். தொடக்கத்திலும் முடிவிலும் பாடியவர் பெயர், பக்கவாத்தியக்காரர்கள் பெயர். இருபது விநாடிகூட ஆகாது. திருவையாற்று ஆராதனை நேரடி ஒலிபரப்பில் தியாகராஜரின் பஞ்சரத்தினத்துக்கு (ஐந்து கீர்த்தனைகள்) என்ன அறிவிப்பு வேண்டும்? ராகங்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்தும் ஆதி தாளம். பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கினால் போதும். இன்னும் விவரமானவர்கள் ராகத்தைப் பாட்டுக்குப் பிறகுதான் சொல்வார்கள். காம்போதியா, எதுகுல காம்போதியா என்று வளவில் (வீட்டு முற்றத்தில்) சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது தீர்ப்பு வரும். பென்டிரைவில் இந்தச் சுகம் கிடையாது.

கெட்டுப்போவது, அறிவிப்பாளர் தானும் மேடை ஏறும்போது. பக்கத்து ஊர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த வரிசையில் வர்ணம், விறுவிறு கீர்த்தனை, ஆலாபனை, பெரிய உருப்படி, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிப்பது), துக்கடா (கடைசியில் வரும் சிறு பாட்டு) என்று ஒன்று அடுத்ததற்கு வழிவிட்டுப் போகும். அங்கே இடையில் நுழைந்து காலநிலை, பண்டிகை, தன் மனநிலை என்று ஒன்றரை நிமிடம் பேசினால், ஆறு இடைவெளிக்கு ஒன்பது நிமிடம் போயிற்று. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் அந்த ஒன்பது நிமிடம் எங்கிருந்து வரும்? துக்கடாவும் மங்களமும் வெட்டுப்படும். தனி ஆவர்த்தனத்தை முடிக்கும் தாளக் கோர்வை, பாட்டு தொடங்கும் இடத்துக்கு வந்து இறங்கும் அந்த நொடியில் ஒலியைக் குறைத்துவிட்டு, அதன்மேல் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கோர்வை முழுதாக முடியாமல் பேச்சு விழுந்தால், தாளம் போட்டுக்கொண்டிருந்த கை தொடையில் தொங்கிப்போகும். இதில் ஹரிகாம்போதி ராகத்தைக் காம்போதி என்று தப்பாகச் சொல்வது வேறு.

பெட்டியைக் குறை சொல்ல முடியாது. தம்புரா சுத்தமாகக் கேட்கிறது, இரைச்சலே இல்லை. 2016 ஜனவரி 26-இல் தொடங்கிய ஆகாசவாணியின் 'ராகம்' அலைவரிசையைப் போன் செயலியில் திறந்து புளூடூத்தில் விட்டால், இருபத்து நான்கு மணி நேரமும் கர்நாடகமும் இந்துஸ்தானியும் வரும். கரண்டு போனால் ரௌட்டரும் சேர்ந்து படுத்துவிடும், அவ்வளவுதான்.

இத்தனையும் சொன்ன பிறகும், வாங்க வேண்டாம் தம்பி. ரௌட்டரை நம்பாத, மீடியம் வேவ் (ஏஎம்) எடுக்கும் சாதாப் பெட்டி போதும். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், மதுரை 1269. உள்ளே அலையைப் பிடிக்கும் பெரைட் கம்பி பெட்டியின் நீளவாக்கில் கிடக்கும்; நிலையம் இருக்கும் திசைக்கு அது குறுக்கே இருக்கவேண்டும். நம்மூரிலிருந்து திருச்சி வடக்கே, அதனால் பெட்டியின் முகத்தை வடக்கே திருப்புங்கள். மதுரைக்கு மேற்கே. கான்கிரீட் அறைக்குள் வைக்காமல் வளவு ஓரத்தில் வையுங்கள், இன்வெர்ட்டரிலிருந்தும் மட்டமான எல்இடி பல்பிலிருந்தும் தள்ளியே வையுங்கள். ராத்திரியானால் தூரத்து நிலையம் ஏதாவது வந்து கலக்கும். அப்போது பெட்டியைச் சற்றுச் சற்றாகத் திருப்பினால், அந்த நிலையம் அமுங்கும் கோணம் ஒன்று கிடைக்கும்.